பச்சைக்குள் மஞ்சள் கண்ட மிகயீல் ஸ்வெத்

நமது சங்க மலருக்கு மறைந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டார். கவிஞர்களைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் எழுத நம்மிடையே வல்லவர்கள் பலர் உண்டு. நான் ரசாயன மாணவன். எனக்குத் தெரிந்த பெரியவர்கள் எல்லாம் ஆய்வுக்கூடத்துப் பெரியவர்கள். அவர்களுள் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அவர் கண்ட முறையின் பயன் படாத மருந்துக்கடை இல்லை, எண்ணெய் ஆலை இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை.

அவரிடம் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதில் என் பிழையும் ஒன்று கலந்திருக்கிறது.

என் ஆராய்ச்சிக்கு வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் நாள்தோறும் வேலை. பல பொருள்கள் கலந்த திரவத்தை ஒரு சொட்டுக்கும் குறைவாக ஊசியால் கருவிக்குள் செலுத்துவோம். சூட்டில் அது ஆவியாகும். மெல்லிய நீண்ட குழல் ஒன்றின் வழியே அந்த ஆவியை ஒரு வாயு தள்ளிக்கொண்டு போகும். இலேசான பொருள் முன்னே ஓடும், கனமான பொருள் பின்தங்கும். குழலின் முடிவில் சிறிய ஹைட்ரஜன் சுடர் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். அதுதான் டிடெக்டர். கரிப்பொருள் எதுவும் அந்தச் சுடரில் விழுந்து எரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அது தாளில் ஒரு முகடாக எழுதப்படும். ஹைட்ரோகார்பன்களைப் பொறுத்தவரை இச்சுடர் பெரும்பாலும் நடுநிலை தவறாத நீதிபதி. எரிந்த கரியின் எடைக்கு ஏற்பத்தான் முகடு காட்டும். ஆகவே ஒரே எடையில் பத்துக் கரியணுக்கள் உள்ள பொருளையும் நாற்பது கரியணுக்கள் உள்ள பொருளையும் கலந்து செலுத்தினால், இரண்டு முகடுகளின் பரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கவேண்டும்.

எனக்கு அப்படி வரவில்லை. இருபது கரியணு வரையில் எல்லாம் ஒழுங்கு. இருபத்தெட்டைத் தாண்டியதும் முகடுகள் சரியத் தொடங்கின. நாற்பதாவது வரும்போது இருக்கவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சுடர்தான் சரியில்லை என்று முடிவு கட்டினேன். ஹைட்ரஜனைக் கூட்டினேன், குறைத்தேன். காற்றின் அளவை மாற்றினேன். டிடெக்டரின் சூட்டை ஏற்றினேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. கடைசியில், கருவியைப் பேணும் பெரியவர் சுடர்முனையைச் சரியாகத் துடைக்காமல் விட்டதால்தான் இந்தக் கேடு என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவர் என் தந்தையின் வயதுடையவர். ஒன்றும் மறுமொழி சொல்லவில்லை. சுடர்முனையைக் கழற்றி என் கண் முன்னே மறுபடியும் துடைத்து மாட்டிவிட்டுப் போனார். முகடுகள் அப்படியேதான் இருந்தன.

அன்று மாலை மனம் சரியில்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து, இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பழைய வரலாற்றைப் புரட்டினேன். அங்கேதான் மிகயீல் ஸ்வெத்தைக் கண்டேன்.

பிறப்பும் கல்வியும்

ஸ்வெத்தின் தந்தை ருஷ்யர், அரசாங்க உத்தியோகஸ்தர். தாய் இத்தாலிய மரபினர். இருவரும் இத்தாலியில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, அஸ்தி என்னும் ஊரில் 1872-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் மிகயீல் பிறந்தார். வழிப்பயணத்தில் பிறந்த பிள்ளை. பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துபோனார். தந்தைக்கோ ருஷ்யாவில் உத்தியோகம். குழந்தையை ஒரு செவிலியின் பொறுப்பில் ஸ்விட்ஸர்லாந்திலேயே விட்டுவிட்டு அவர் நாடு திரும்பவேண்டியதாயிற்று. ஆகவே மிகயீல் லோஸானிலும் ஜினீவாவிலும் வளர்ந்தார். பள்ளியில் படித்தது பிரெஞ்சு மொழியில். சொந்த நாடு என்று காகிதத்தில் எழுதப்பட்டிருந்த ருஷ்யா அவருக்குக் கேள்விப்பட்ட நாடாகவே இருந்தது.

1891-இல் ஜினீவாப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பௌதிகம், ரசாயனம், தாவரவியல் மூன்றும் கற்றார். இந்த மூன்றும் ஒருவரிடத்தில் சேர்ந்திருந்ததுதான் பின்னால் அவருக்குப் பலமும் ஆயிற்று, பகையும் ஆயிற்று. தாவரத்தின் உயிரணுக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1896-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர்.

செல்லாத பட்டம்

பட்டம் பெற்ற அதே ஆண்டு, தந்தையின் நாட்டில் வாழ்வதென்று முடிவு செய்து ருஷ்யா சென்றார். ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. ஆனால் உத்தியோகம் கிடைக்கவில்லை. காரணம் எளியது. அயல்நாட்டு டாக்டர் பட்டம் ருஷ்யப் பல்கலைக் கழகங்களில் செல்லாது. ஆசிரியராக வேண்டுமானால் ருஷ்யாவிலேயே மறுபடியும் முதற் படியிலிருந்து ஏறி வரவேண்டும். டாக்டராக வந்தவர் மீண்டும் மாணவரானார். பெண்களுக்கான வகுப்புகளில் பாடம் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை ஆய்வுரை எழுதினார். 1901-இல் கஸான் பல்கலைக் கழகத்தில் மாஜிஸ்தர் பட்டம் பெற்றார். ஐந்து ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

ஊர் விட்டு ஊர் வந்து படிக்கும் நமக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்போது கொஞ்சம் நெஞ்சு கனக்கத்தான் செய்யும். ஓர் ஊரில் பெற்ற மதிப்பெண்ணை இன்னோர் ஊருக்கு எடுத்துப் போகும்போது அது எத்தனை சுருங்கிவிடுகிறது என்பதை விண்ணப்பத்தோடு அலுவலக வாசலில் நின்றவர்கள் அறிவார்கள். ஆனால் ஸ்வெத் அந்த ஐந்து ஆண்டுகளை அழுது தீர்த்துவிடவில்லை. பச்சையத்தைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார்.

இலை விடாத பச்சை

மாஜிஸ்தர் பட்டத்துக்குப் பின் அவருக்கு வார்ஸா நகரில் வேலை கிடைத்தது. அன்று அந்நகரம் ருஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் திமித்ரி இவானவ்ஸ்கி. புகையிலைச் செடியின் தேமல் நோயை ஆராய்ந்து, வைரஸ் என்னும் நுண்பொருளுக்கு முதல் தடயம் கண்டவர் அவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஸ்வெத் உதவியாளராக அமர்ந்தார்.

ஸ்வெத்தின் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது ஒரு சிறிய புதிர். இலையின் பச்சையத்தைத் தனியே எடுத்து, பெட்ரோலிய ஈதர் என்ற இலேசான எண்ணெயில் போட்டால் நன்றாகக் கரைகிறது. ஆனால் பச்சை இலையையே அந்த எண்ணெயில் ஊறவைத்தால் பச்சையம் வெளியே வருவதில்லை. கரோட்டின் என்னும் மஞ்சள் பொருள் மட்டும் வருகிறது. அந்த எண்ணெயில் சிறிது சாராயம் சேர்த்தால் உடனே பச்சையமும் வந்துவிடுகிறது. கரையும் பொருள் ஏன் கரையவில்லை? கொஞ்சம் சாராயத்துக்கு ஏன் இத்தனை வலிமை?

சிலர் இதற்கு வேறு விளக்கம் சொன்னார்கள். இலைக்குள் பச்சையம் வேறு உருவில் இருக்கிறது, சாராயம் அதை மாற்றிவிடுகிறது என்றார்கள். ஸ்வெத் அதை அப்படியே ஏற்கவில்லை. வடிதாள் ஒன்றை எடுத்தார். தனியே பிரித்த பச்சையக் கரைசலில் அதை நனைத்து உலரவைத்தார். பிறகு பெட்ரோலிய ஈதரில் அலசினார். இலையில் நடந்ததே தாளிலும் நடந்தது. மஞ்சள் வந்தது, பச்சை வரவில்லை. சாராயம் ஒரு துளி சேர்த்ததும் பச்சையும் வந்தது. தாளில் உயிர் ஏது? ஆகவே இதில் உயிரின் மாயம் ஒன்றும் இல்லை என்று தெளிந்தார். பச்சையம் தாளின் நாரைப் பற்றிக்கொண்டிருக்கிறது. கரோட்டின் பற்றவில்லை. சாராயம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. அவ்வளவுதான். இதைப் பரப்புக் கவர்ச்சி என்பர்.

இங்கே ஸ்வெத்தின் மேதைமையைக் காண்கிறோம். மற்றொருவராக இருந்தால் புதிருக்கு விடை கிடைத்ததென்று கட்டுரை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். ஸ்வெத் அந்த விடையையே கருவியாக்க நினைத்தார். ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு வலிமையோடு பற்றிக்கொள்கிறது என்றால், அந்த வேற்றுமையைக் கொண்டே கலவையைப் பிரிக்கலாமே!

குழாயில் விரிந்த வண்ணங்கள்

நூற்றுக்கும் மேற்பட்ட தூள்களை அவர் சோதித்துப் பார்த்தார். 1903-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள், வார்ஸாவில் இயற்கை ஆராய்ச்சியாளர் கழகத்தின் கூட்டத்தில் தம் கருத்தை எடுத்துரைத்தார். வண்ணப்பிரிகை முறைக்குப் பிறந்த நாள் அதுவே என்று பலர் கொள்வர். பின்னர் 1906-இல் ஜெர்மன் தாவரவியல் கழகத்தின் இதழில் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டு முறையை முழுதும் விளக்கினார்.

செய்கை மிக எளிது. கண்ணாடிக் குழாய் ஒன்றை நிறுத்தி, அதில் கால்சியம் கார்பனேட் தூளை இறுக்கமாக நிரப்புவார். விரைவான சோதனைகளுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னஞ்சிறு குழாய்களே போதும். இலைச் சாற்றைக் கார்பன் டைசல்பைடு என்னும் திரவத்தில் கரைத்து மேலே ஊற்றுவார். பிறகு சுத்தமான அதே திரவத்தை மேலும் மேலும் விடுவார். நேற்று வரையில் ஒரே பச்சையாகத் தெரிந்த சாறு, குழாய்க்குள் இறங்க இறங்க வளையம் வளையமாகப் பிரியும். ஓரிடத்தில் நீலப் பச்சை, ஓரிடத்தில் மஞ்சட் பச்சை, மேலும் கீழும் பல மஞ்சள்கள். கரோட்டின் மட்டும் எங்கும் நிற்காமல் முதலில் அடிக்கு வந்து வெளியேறிவிடும். பச்சையம் ஒன்றல்ல, இரண்டு என்பதும், மஞ்சளும் ஒன்றல்ல, பல என்பதும் கண்ணுக்கு நேரே தெரிந்தன. தூளைக் குழாயிலிருந்து முழுதாகத் தள்ளி எடுத்து, வளையங்களைக் கத்தியால் அறுத்துப் பிரித்தால் ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியே கிடைக்கும்.

இம்முறைக்குக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். வண்ணத்தை எழுதுதல் என்பது பொருள். ருஷ்ய மொழியில் ஸ்வெத் என்னும் சொல்லுக்கும் வண்ணம் என்றே பொருள். தம் பெயரையே முறைக்குள் மறைத்து வைத்தாரோ என்று சிலர் ஐயுறுவதுண்டு. ஆனால் நிறமற்ற பொருள்களையும் இம்முறையால் பிரிக்கலாம் என்பதை அவர் அன்றே தெளிவாக எழுதியிருந்தார்.

நண்பர்களே, ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அவரிடம் சுடர் இல்லை, மின்னோட்டம் இல்லை. அவருடைய டிடெக்டர் அவர் கண்தான். அந்தக் கண் முதலில் கண்டறிந்த கரோட்டினில் நாற்பது கரியணுக்களும் ஐம்பத்தாறு ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு. வேறு ஒன்றும் இல்லை. அதாவது அதுவும் ஒரு கனமான ஹைட்ரோகார்பனே. நான் சுடரில் தேடித் திண்டாடிய நாற்பது கரியணுக்களை, நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் மஞ்சளாகக் கண்டுவிட்டார். கரோட்டின் சூட்டில் சிதையும் பொருளாதலால் என் கருவிக்கு ஏற்றதல்ல. அவருடைய முறையோ சூடு இல்லாத, மென்மையான முறை.

எதிர்ப்பு

இத்தனை எளிய முறையை உலகம் கைநீட்டி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

அன்றைய ரசாயன நூல்களின்படி, ஒரு பொருளைச் சுத்தமாக எடுத்ததற்குச் சாட்சி படிகம். கைநிறையப் படிகம் காட்டினால்தான் நம்புவார்கள். ஸ்வெத் காட்டியதோ சுண்ணாம்புத் தூளில் சில வண்ண வளையங்கள். அவர் தாவரவியலார், ரசாயனக்காரர் அல்லர். கட்டுரையும் தாவரவியல் இதழில் வந்தது. போலந்து நாட்டு ரசாயன அறிஞர் மார்ஹ்லெவ்ஸ்கி, வெறும் வடிகட்டல் சோதனையை வைத்துக்கொண்டு பச்சைய ரசாயனத்தையே சீர்திருத்த வந்துவிட்டார் என்ற பொருள்படக் கேலி செய்தார். ஸ்வெத்தும் சும்மா இருப்பவர் அல்லர். பிறர் பிழைகளைக் கூர்மையான சொற்களால் சுட்டிக் காட்டினார். 1907-இல் பெர்லின் நகருக்கே சென்று, ஜெர்மன் தாவரவியல் கழகத்தார் முன்னிலையில் வண்ண வளையங்களைக் காட்டினார். கண்டவர்கள் வியந்தார்கள். ஆனால் பரவலாகக் கைக்கொள்ளவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய அடி வேறிடத்திலிருந்து வந்தது. அக்காலத்தில் பச்சைய ஆராய்ச்சியின் சிகரமாக விளங்கியவர் ஜெர்மானியரான வில்ஷ்டாட்டர். அவருடைய கூடத்தில் ஸ்வெத்தின் முறையைச் செய்து பார்த்தார்கள். பச்சையம் குழாயிலேயே சிதைந்துபோனது. முறை நம்பத்தக்கதல்ல என்ற எண்ணம் பரவியது. பிழை முறையில் இல்லை. அவர்கள் நிரப்பிய தூள் மிகவும் கடுமையானது. அதுதான் பச்சையத்தைக் கெடுத்தது. மென்மையான தூளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காகத்தானே ஸ்வெத் நூற்றுக்கு மேல் சோதித்தார்! அந்தப் பொறுமை மற்றவர்களுக்கு இல்லை. பெரியவர் செய்து பார்த்து வரவில்லை என்றதும், மற்றவர்கள் செய்து பார்க்கவே இல்லை. வில்ஷ்டாட்டர் சிறந்த விஞ்ஞானி என்பதில் ஐயமில்லை. 1915-இல் நோபல் பரிசு பெற்றவர். ஆயினும் அவருடைய கூடத்தில் நேர்ந்த ஒரு சிறு தவறு, ஒரு நல்ல முறையை இருபது ஆண்டுகளுக்கு மேல் தூங்கவைக்கத் துணையாயிற்று.

இதைப் படித்தபோது என் கை புத்தகத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கருவியைக் குறை சொல்வதற்கு முன் கருவிக்குள் நான் போட்டது என்ன என்று நான் பார்த்தேனா?

பேராசிரியரும் அகதியும்

ஸ்வெத் தளர்ந்துவிடவில்லை. 1907-இல் திருமணம் செய்துகொண்டார். கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், 1908 முதல் வார்ஸா பாலிடெக்னிக் கல்லூரியிலும் பாடம் சொன்னார். 1910-இல் தாவர உலகிலும் விலங்கு உலகிலும் உள்ள வண்ணப்பொருள்களைப் பற்றி ருஷ்ய மொழியில் பெருநூல் எழுதினார். அதையே ஆய்வுரையாக அளித்து, ருஷ்ய டாக்டர் பட்டமும் பெற்றார். ஜினீவாவில் இருபத்து நான்கு வயதில் பெற்ற பட்டத்தைத் தந்தையின் நாட்டில் முப்பத்தெட்டு வயதில் மறுமுறை பெற்றார். அடுத்த ஆண்டு ருஷ்ய விஞ்ஞானக் கழகம் அந்நூலுக்குப் பரிசளித்தது. கரோட்டினையும் அதன் உறவுகளையும் சேர்த்துக் கரோட்டினாய்டுகள் என்று நாம் இன்று சொல்லும் பெயரும் அவர் 1911-இல் இட்டதுதான்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. 1915-இல் ஜெர்மன் படைகள் வார்ஸாவை நெருங்கின. கல்லூரியோடு அவரும் மாஸ்கோவுக்குப் பெயர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கிருந்து நிஷ்னி நவ்கரத் நகருக்கு. மாணவர்களுக்கு இடம் தேடுவதிலும் வகுப்புகளை மறுபடி அமைப்பதிலும் நாட்கள் போயின. 1917-இல், எஸ்தோனியாவில் உள்ள யூரியெவ் பல்கலைக் கழகத்தில் தாவரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. வாழ்நாளெல்லாம் விரும்பிய பதவி. ஆனால் 1918-இல் ஜெர்மன் படை அங்கேயும் வந்தது. பல்கலைக் கழகம் வொரோனேஷ் நகருக்குப் பெயர்ந்தது. மீண்டும் பெட்டி கட்டினார். உடல்நலம் ஏற்கெனவே கெட்டிருந்தது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சூழ்ந்த அந்த நாட்களில், 1919-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், தமது நாற்பத்தேழாவது வயதில் வொரோனேஷில் காலமானார்.

இத்தாலியில் பிறந்து, ஸ்விட்ஸர்லாந்தில் வளர்ந்து, போலந்தில் உழைத்து, எஸ்தோனியாவில் பதவி பெற்று, ருஷ்யாவில் மறைந்தார். எந்த ஊரும் அவரை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. அவர் இறப்பதற்கு முந்தின ஆண்டு, நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரத்துப் பேராசிரியர் வான் விஸ்ஸெலிங் அவரை ரசாயன நோபல் பரிசுக்கு முன்மொழிந்திருந்தார். பரிசு கிடைக்கவில்லை.

உறங்கிய முறை விழித்தது

முறை அடியோடு சாகவில்லை. அமெரிக்காவில் பால்மர் என்னும் அறிஞர், பசுவின் பாலும் வெண்ணெயும் மஞ்சளாக இருப்பது அது தின்னும் தீவனத்தின் வண்ணப்பொருள்களால்தான் என்று நிலைநாட்டியபோது ஸ்வெத்தின் முறையைக் கைக்கொண்டார். ஆனால் முழு விழிப்பு 1931-இல்தான் வந்தது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில், கூன் என்னும் பேராசிரியரின் கூடத்துக்கு லெடரர் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். கரோட்டின் ஒன்றா, பலவா என்பது அங்கே எழுந்த கேள்வி. விடை தேடிய லெடரர் கைக்கு ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. அது ஸ்வெத்தின் 1910-ஆம் ஆண்டு ருஷ்ய நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. அச்சேறாதது. அதைச் செய்வித்து வைத்திருந்தவர் யார் தெரியுமா? வில்ஷ்டாட்டரேதான்! அவர் தம் மாணவரான கூனுக்கு அதை அளித்திருந்தார். முறையைத் தூங்கவைத்த கூடத்திலிருந்தே அதை எழுப்பும் ஏடும் வந்தது.

லெடரர் செய்து பார்த்தார். வந்தது. கரோட்டின் இரண்டாகப் பிரிந்தது. அதன் பின் சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் கண்ணாடிக் குழாய்கள் நிமிர்ந்து நின்றன. 1937-இல் காரர், 1938-இல் கூன் என்று, கரோட்டினாய்டு ஆராய்ச்சிக்கு அடுத்தடுத்து நோபல் பரிசுகள் வந்தன. 1941-இல் ஆங்கிலேயர்களான மார்ட்டினும் சிஞ்சும் முறையை வேறு வழியில் வளர்த்தார்கள். அந்தக் கட்டுரையிலேயே, திரவத்துக்குப் பதில் வாயுவை ஓடவிடலாம் என்ற குறிப்பும் இருந்தது. 1952-இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். அதே ஆண்டு மார்ட்டினும் ஜேம்ஸும் வாயு முறையைச் செய்தே காட்டினார்கள். 1950-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் தனித்தனியே ஹைட்ரஜன் சுடர் டிடெக்டர் தோன்றியது. நான் குறை சொன்ன சுடர் அதுதான்.

கெட்டியான எண்ணெய்

அன்று இரவு விடுதிக்குத் திரும்பியதும் என் குறிப்பேட்டை முதலிலிருந்து பார்த்தேன். சுடர் கெட்டிருந்தால் இலேசான பொருள்களின் முகடுகளும் சேர்ந்தல்லவா குறைந்திருக்கவேண்டும்? அவை ஒருநாளும் குறையவில்லை. ஆகவே குறை சுடருக்கு முன்னால் எங்கோ இருக்கிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. காலையில் செலுத்தியவற்றில் நாற்பதாவது முகடு மிகச் சிறியது. பிற்பகலில் செலுத்தியவற்றில் சற்றுப் பெரியது. மூன்று வாரமும் அப்படியே. எழுதி வைத்தவன் நான். பார்க்காதவனும் நான்.

காரணம் மறுநாள் காலையில் விளங்கியது. டிசம்பர் மாதக் குளிர். தலைக்குத் தடவத் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. வெள்ளையாய் உறைந்து கிடந்தது. நம் ஊரில் காணாத காட்சி. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நாம் எல்லாரும் இதைக் கண்டு சிரித்திருக்கிறோம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். குளிர்பெட்டியில் வைத்திருந்த என் மாதிரிப் புட்டியை எடுத்து விளக்கொளியில் பிடித்தேன். அடியில் மெல்லிய வெண் பொருக்குகள் படிந்திருந்தன. நாற்பது கரியணுப் பொருள் ஏறக்குறைய 80 டிகிரி சூட்டில்தான் உருகும் மெழுகு. குளிரில் அது ஹெக்ஸேனை விட்டுப் பிரிந்து அடியில் உட்கார்ந்துவிட்டது. மேலே தெளிந்த திரவத்தை மட்டுமே என் ஊசி உறிஞ்சியது. இல்லாத பொருளைச் சுடர் எப்படிக் காட்டும்?

மாதிரியைப் புதிதாகக் கார்பன் டைசல்பைடில் கரைத்தேன். ஸ்வெத் இலைச்சாற்றைக் கரைத்த அதே திரவம். தீப்பற்றும், நச்சும் உடையது. ஆகவே புகைப்பெட்டிக்குள் வைத்தே கையாண்டேன். கனமான ஹைட்ரோகார்பன்களை அது நன்றாகக் கரைக்கும். சுடரிலோ அதன் சாயல் அநேகமாகத் தெரியாது. முகடுகள் நிமிர்ந்தன. இன்னும் சிறிது குறை இருந்தது. ஊசி குத்தும் வாயிலின் சூட்டை உயர்த்தி, உள்ளே கண்ணாடிப் பஞ்சு வைத்த குழலை மாட்டியதும், கனமானவையும் முழுதும் ஆவியாகி உள்ளே சென்றன. பத்தும் நாற்பதும் ஒரே வரிசையில் நின்றன.

இதற்குள் நான் ஒரு திருத்தப் பட்டியல் தயாரித்து வைத்திருந்தேன். கனமான பொருள் ஒவ்வொன்றின் முகட்டையும் இத்தனையால் பெருக்கிக்கொள்க என்று. அதைப் பேராசிரியரிடம் கொடுத்திருந்தால் என் ஆய்வேட்டில் ஏறியிருக்கும். எனக்குப் பின் வருகிறவர்கள் அதை நம்பிப் பெருக்கியிருப்பார்கள். ஒரு குளிர்காலக் காலையின் பிழை, இயற்கையின் விதியாக அச்சேறியிருக்கும். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

பிறகு கருவியைப் பேணும் பெரியவரைத் தேடிப் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் என் தவறைச் சொன்னேன். அவர் சுடர்முனையில் ஒரு குறையும் இல்லை என்றும், குறை என் புட்டியில் இருந்தது என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எனக்கும் சேர்த்துத் தேநீர் வரவழைத்தார். வில்ஷ்டாட்டர் ஸ்வெத்திடம் போய் இப்படிச் சொல்லும் நாள் வரவே இல்லை. சொல்லவேண்டியவர் அறிவதற்குள் கேட்கவேண்டியவர் மறைந்துவிட்டார். எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. அதற்காக வொரோனேஷ் மண்ணில் உறங்கும் அந்தப் பெரியவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.